நாலு நாள் தாங்கினால் போதுமா மீன்?

தொழிற்சாலைக் கழிவுநீருக்கு நம் சட்டம் வைத்திருக்கும் சோதனைகளில் ஒன்றில் மீன்தான் தீர்ப்புச் சொல்கிறது. சுத்திகரித்து வெளியேற்றும் நீரில், வேறு தண்ணீர் ஒரு சொட்டும் கலக்காமல், மீன்களை விடவேண்டும். 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருந்தால் அந்த நீர் தேறிவிட்டது. 1986-ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாவது அட்டவணையில் இது இருக்கிறது. ஏரி, ஆறு போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதும் அதே அட்டவணைதான். கடலோர நீருக்கு 20 வரை அனுமதி.

ஐந்தாம் நாள் அந்த மீன் என்ன ஆகும், அது இடும் முட்டை பொரியுமா, பொரித்த குஞ்சு நீந்துமா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் எண்ணெய் மீன்குலத்தின் மேல் கைவைப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இந்த விஷயத்தைப் புதுவாயலில் இருந்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும். சென்னையிலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போனால் கவரைப்பேட்டையை அடுத்து வரும் ஊர். இடதுபக்கம் திரும்பினால் பெரியபாளையம். நேரே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்: இரும்பு உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள், ரசாயன ஆலைகள், தமிழ்நாட்டின் பல தொழிற்சாலைகளிலிருந்து வரும் அபாயகரமான கழிவுகளைப் புதைக்கும் நிலம். நடுவில் இரவு பகலாக லாரிகள். லாரி இருக்கும் இடத்தில் மெக்கானிக் ஷெட் இருக்கும், வாட்டர் சர்வீஸ் இருக்கும், கறுத்துப்போன இன்ஜின் ஆயில் ஊறிய மண் இருக்கும். ஐப்பசி மழை அடித்தால் அந்த மண்ணைக் கழுவிய தண்ணீர் ரோட்டோர வாய்க்காலில் இறங்கும். வாய்க்கால் ஏரியைத் தேடும், ஏரி நிரம்பினால் மறுகால் ஆற்றைத் தேடும். இங்கே ஆறு என்றால் ஆரணி ஆறு. ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. சிப்காட்டின் குழாயை யாராவது ஒருவர் சோதிக்கலாம். ரோட்டிலிருந்து வழியும் இந்தத் தண்ணீருக்குக் குழாயே கிடையாது.

கார் காலத்துக் கழனித் தண்ணீரில் எதிரேறி வரும் கெண்டையையும் கெளுத்தியையும் பிடிக்கப் பறியோடு நிற்பவர்கள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. மீன் ஏறுவது முட்டைக்காக. எண்ணெய் இறங்குவதும் அதே மழையில். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் சந்தித்துக்கொள்வதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தார் மணல் நாட்டில்

எண்ணெய் மீனின் உடலில் என்ன செய்கிறது என்பதை உலகம் அதிகம் படித்த இடங்களில் ஒன்று கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம். அங்குள்ள எண்ணெயில் பெரும்பகுதி பூமிக்கடியில் ஓடுவதில்லை. மணலோடு தார் ஒட்டிக் கிடக்கிறது. 1967-லிருந்து அந்த மணலை மலைமலையாக வெட்டி, வெந்நீரில் அலசி, தாரைப் பிரித்து எடுக்கிறார்கள். அலசிய தண்ணீரைத் திருப்பி ஆற்றில் விட முடியாது, அவ்வளவு விஷம். பிரம்மாண்டமான குட்டைகளில் தேக்கிவைக்கிறார்கள். தேங்கியது இன்று ஒரு லட்சம் கோடி லிட்டரைத் தாண்டிவிட்டது. 2008 ஏப்ரலில் அப்படி ஒரு குட்டையில் இறங்கிய வாத்துக் கூட்டம், சுமார் 1,600 வாத்துகள், எழவே இல்லை.

குட்டைகளுக்குப் பக்கத்தில் ஓடுவது அதபாஸ்கா ஆறு. அது ஏரியில் சேரும் இடத்தில் ஃபோர்ட் சிப்பவையன் என்ற சிற்றூர். கிரீ, டெனே பழங்குடிகள் அங்கே தலைமுறைகளாக மீனைத் தின்று வாழ்கிறார்கள். மீனில் கட்டி, முதுகில் கோணல், தோலில் புண் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கம்பெனிகளிடம் ஒரு தயார் பதில் இருந்தது: ஆறே தார்ப் பாறையை அறுத்துக்கொண்டுதான் ஓடுகிறது, இயற்கையாகக் கசிவதற்கு நாங்கள் என்ன செய்ய? பதிலில் பாதி உண்மை இருந்ததுதான் சிக்கல்.

டேவிட் ஷிண்ட்லர் என்ற நன்னீர் விஞ்ஞானியும் அவர் குழுவும் ஆற்று நீரோடு பனியையும் சோதித்தார்கள். குளிர்காலம் முழுக்க ஆலைகளைச் சுற்றி விழுந்த பனியில் எண்ணெய்ச் சேர்மங்கள் படிந்திருந்தன. ஆலைக்குக் கிட்டப்போகப் போக அதிகம். பனி உருகினால் எல்லாம் ஆற்றுக்குத்தான், அதுவும் மீன் முட்டையிடும் வசந்த காலத்தில். 2009-லும் 2010-லும் இந்த ஆய்வுகள் வெளிவந்தன. 2010 செப்டம்பரில் உருக்குலைந்த மீன்களைப் பத்திரிகையாளர் முன்னால் மேஜையில் பரப்பினார் ஷிண்ட்லர். 2013-ல் வேறொரு குழு சுற்றுவட்டார ஏரிகளின் அடிச்சேற்றை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்தது. சுரங்கம் தொடங்கிய காலத்திலிருந்து மேலே வர வர எண்ணெய்ச் சேர்மம் ஏறியிருந்தது.

அதற்குப் பிறகும் கதை மாறவில்லை. இம்பீரியல் ஆயில் கம்பெனியின் கேர்ல் சுரங்கத்தில் 2022 மே மாதமே குட்டை நீர் கசிவது தெரிந்தது. கீழே வாழும் பழங்குடிகளுக்கு விவரம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது 2023 பிப்ரவரியில், இன்னொரு குட்டையிலிருந்து 53 லட்சம் லிட்டர் வழிந்த பிறகு. அந்த வழிசலுக்கு ஆல்பர்ட்டா கட்டுப்பாட்டு ஆணையம் விதித்த அபராதம் 50,000 டாலர். அந்தக் கம்பெனியின் அளவுக்கு அது டீச்செலவு.

மிக்ஜாம் கொண்டுவந்தது

தார் மணல் நம்மிடம் இல்லை. ஆனால் மீனுக்குத் தீங்கு செய்யும் சேர்மக் கூட்டம் மணலுக்குச் சொந்தமானது அல்ல. பென்சீன் வளையங்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று ஒட்டிக்கொண்ட ஹைட்ரோகார்பன்கள். சுருக்கமாக பி.ஏ.எச். என்பார்கள். கச்சா எண்ணெயில் உண்டு, ஃபர்னஸ் ஆயிலில் உண்டு, தாரில், கரிப்புகையில் உண்டு. புது இன்ஜின் ஆயிலில் குறைவு. வண்டியில் ஓடிக் கறுத்த ஆயிலில் பல மடங்கு.

புதுவாயலிலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது எண்ணூர் கழிமுகம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தபோது, மணலியின் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் பரவி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனது. கடலோரக் காவல்படை கணக்கில் சுமார் 20 சதுர கிலோமீட்டர். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று ஊர் ஊராகப் படகும் வலையும் கறுப்பாயின. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் தார் ஒட்டியது. மீனவர்கள் முறத்தாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோதும் வாளியால்தான் அள்ளினோம். ஏழு வருடத்தில் வாளி மாறவில்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. டிசம்பர் 17-க்குள் துப்புரவை முடிக்கச் சொன்னது. அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவக் குடும்பங்கள் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய், படகுகள் 787-க்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்கள் 6,700-க்குத் தலா 7,500. கூட்டினால் 8 கோடியே 68 லட்சம் சொச்சம். கொடுத்ததைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் இந்தக் கணக்கில் படகு இருக்கிறது, வலை இருக்கிறது, வீடு இருக்கிறது. மீன் இல்லை. நாளைக்குப் படகு எதைப் பிடிக்கப் போகும் என்பதற்கு வரிசை எண் எதுவும் இல்லை.

மாதத்தையும் கவனிக்க வேண்டும். டிசம்பரில் கொசஸ்தலை நன்னீர் ஆறு. பூண்டியிலிருந்து திறந்த வெள்ளம் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி வருகிறது; அதோடு ஏரி மீன்களும் அடித்துக்கொண்டு வருகின்றன. எதிர்ப்பக்கம் கடலில் பொரித்த மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் கழிமுகத்துக்குள் நுழையும் பருவமும் அதுதான். வருடத்தில் வேறெந்த மாதம் எண்ணெய் வந்திருந்தாலும் சேதம் இதைவிடக் குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கருவின் இதயம்

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியபோது, எண்ணெய் மூச்சை அடைத்துக் கொல்லும், தப்பியது பிழைத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அடுத்த பத்து வருடம் உடைத்தது. சால்மன் முட்டையும் ஹெர்ரிங் முட்டையும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் பி.ஏ.எச். உள்ள நீரிலேயே சேதமடைந்தன. மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முட்டை செத்துவிடுவதும் இல்லை. பொரிக்கிறது. பொரித்த குஞ்சின் மஞ்சள் கருப் பை நீர்கோத்து வீங்கியிருக்கும், தாடை சிறுத்திருக்கும், முதுகு வளைந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மூலம் இதயத்தில் இருப்பது பின்னால் தெரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத் தசைக்குள் கால்சியம் போகவேண்டும், பொட்டாசியம் வெளியே வரவேண்டும். ஃபினாந்த்ரீன் போன்ற மூன்று வளையச் சேர்மங்கள் அந்த வாசல்களை அடைக்கின்றன. மெக்சிகோ வளைகுடாவில் 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்த பிறகு, சூரை மீனின் இதயச் செல்களை எடுத்து இதை நேரடியாகக் காட்டினார்கள். 2014-ல் வெளிவந்த ஆய்வு அது. கருவில் துடிப்பு தவறினால் இதயம் வளரும் வடிவமே கோணிப்போகிறது. பார்வைக்கு நல்ல குஞ்சாக இருக்கும். வேகமாக நீந்தச் சொன்னால் இளைக்கும். ஆற்றில் இளைக்கும் குஞ்சு கொக்குக்குத்தான். அப்படிப் போன குஞ்சு எந்தக் கணக்கிலும் ஏறாது. செத்து மிதக்கும் மீனைத்தான் போட்டோ எடுக்க முடியும்.

வெயில் இதை இன்னும் மோசமாக்கும். பி.ஏ.எச். ஊறிய கண்ணாடி போன்ற குஞ்சின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் செல்கள் வெந்துபோகின்றன. 2007-ல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் காஸ்கோ பூசான் கப்பலின் எண்ணெய் கொட்டிய பிறகு, ஆழமில்லாத கரையோரத்தில் இருந்த ஹெர்ரிங் கருக்கள் இப்படி மாண்டன. அங்கே வீசும் வெயிலையும் முழங்கால் ஆழ எண்ணூர்ச் சேற்றில் வீசும் வெயிலையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தார் மணல் நீரில் பி.ஏ.எச். தவிர நாப்தெனிக் அமிலங்கள் என்று இன்னொரு கூட்டமும் உண்டு. சோப்பு மாதிரி செவுளில் ஒட்டும். ஹார்மோனையும் கலைக்கும், இந்த நீரில் வைத்த சிறுகெண்டை இன மீன்கள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டன. இந்த அமிலங்கள் கச்சா எண்ணெயிலேயே உள்ளவை. சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுநீரிலும் இருக்கும்.

விராலும் கெளுத்தியும்

நம்மூர் மீன்களை எடுத்துக்கொண்டால் விராலுக்காகத்தான் எனக்குக் கவலை அதிகம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மற்ற மீன் திணறும். விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதனால்தான் வற்றிய குட்டையிலும் உயிரோடு இருக்கிறது, உயிரோடு சந்தைக்கும் வருகிறது. எண்ணெய் விஷயத்தில் அந்தக் கெட்டித்தனமே வினை. எண்ணெய் மிதப்பது மேலே. விரால் ஒவ்வொரு தடவை மூச்சுக்கு வரும்போதும் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டுதான் வாயைத் திறக்கவேண்டும். முட்டையும் மிதக்கும் முட்டை. கோரைக்கு நடுவே இடம் ஒதுக்கி, நீர்மட்டத்தில் பொன் மணிகளாக மிதக்கவிட்டு, அப்பன் மீன் காவல் இருக்கும். பொரித்த செங்குஞ்சுகள் கூட்டமாக மேல்மட்டத்தில்தான் திரியும். லாரி ஷெட்டிலிருந்து வழிந்த நாலு லிட்டர் பழைய ஆயில் ஓர் ஏரி மூலையில் எவ்வளவு மெல்லியதாகவும் விரியும். முட்டை இருப்பது அந்த மூலையில்தான்.

மடவைக்கு வேறு கதை. அது சேற்றை வாயால் அள்ளிச் சலித்துத் தின்னும். எண்ணெய் படிந்த சேறு நேரே குடலுக்குப் போகிறது. எண்ணூர் மடவையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று வியாபாரிகள் விலையைக் குறைப்பது மீனவர்களின் பழைய குறை.

கெளுத்தி அடிச்சேற்றில் படுக்கும் மீன். அதற்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சொந்தக்காரன் உண்டு, பிரவுன் புல்ஹெட் என்று பெயர். லோரெய்ன் நகரில் கறுப்பாறு என்றே பெயர்கொண்ட ஆற்றங்கரையில் இரும்பாலைக்கு நிலக்கரியைச் சுட்டுக் கோக் தயாரித்தார்கள். அந்தக் கழிவின் பி.ஏ.எச். சேற்றில் படிந்தது. ஆற்றுக் கெளுத்திகளின் கல்லீரலில் புற்று. காரணம் அந்தக் கல்லீரலே. வந்த விஷத்தை வெளியேற்றுவதற்காக நொதிகள் அதை உடைக்கும்போது, சில சேர்மங்கள் முன்னைவிடத் தீவிரமாகி மரபணுவில் ஒட்டிக்கொள்கின்றன. 1983-ல் கோக் ஆலை மூடப்பட்டது. சில வருடங்களில் புற்றுள்ள மீன் வெகுவாகக் குறைந்தது. 1990-ல் ஆற்றைத் தூர்வாரினார்கள், புதைந்திருந்த சேறு கலங்கியது, புற்று மறுபடி ஏறியது. பிறகு திரும்ப இறங்கியது.

இருபது வருடம் போல விடாமல் மீனின் கல்லீரலை அறுத்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. கும்மிடிப்பூண்டியும் இரும்பு ஊர். எண்ணூர் முகத்துவாரத்தைத் தூர்வாருவது ஓயாத பேச்சு. வாரவேண்டாம் என்று சொல்லவில்லை, அடைபட்டால் மீனும் வராது, வெள்ளமும் வடியாது. வாருமுன் சேற்றில் என்ன இருக்கிறது, வாரிய பின் கெளுத்தியின் ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்.

கறி சுத்தம், மீன்?

எண்ணெய் கொட்டிய ஒவ்வொரு தடவையும் ஊரில் முதலில் எழும் கேள்வி, மீன் சாப்பிடலாமா என்பது. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2010-ல் இதற்கென மூக்குப் பழகியவர்களை வைத்து மீனை முகர்ந்தே சோதித்தார்கள், பிறகு ஆய்வகத்தில் பி.ஏ.எச். பார்த்தார்கள். பெரும்பாலும் அளவு மிகக் குறைவு என்று வந்தது, மீன்பிடிப்புக்குத் திறந்துவிட்டார்கள். பொய் சொல்லவில்லை. முதுகெலும்புள்ள மீன் பி.ஏ.எச்.சைத் தசையில் அதிகம் சேர்த்துவைப்பதில்லை. கல்லீரல் உடைத்துப் பித்தத்தில் தள்ளிவிடும். மட்டிக்கும் சிப்பிக்கும் அந்தச் சாமர்த்தியம் குறைவு என்பதால் அவற்றில் நாள்பட நிற்கும். எண்ணூரில் மட்டி தின்பவர்களும், இடுப்பளவு சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது இதை.

ஆக, கறியில் ஒன்றும் இல்லை என்ற அறிக்கை தின்பவருக்கு ஆறுதல். அந்த மீனின் கல்லீரல் என்ன பாடுபட்டது, பித்தத்தில் என்ன கிடக்கிறது என்பதற்கு அது பதிலே இல்லை. எண்ணெயைச் சந்தித்த மீனைக் கண்டுபிடிக்கப் பித்தத்தைத்தான் பார்க்கவேண்டும், கல்லீரலில் விஷத்தை உடைக்கும் நொதி ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ள சோதனைகள் இவை. மீனை உணவாக மட்டும் சோதித்தால் உணவைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

10 மில்லிகிராம் விதிக்கே திரும்புவோம். அந்த எண் எல்லா எண்ணெயும் கிரீஸும் சேர்ந்தது, தேங்காயெண்ணெய் உட்பட. பி.ஏ.எச். அதில் ஒரு சிறு பங்கு. எனவே 10 மில்லிகிராம் உள்ள நீரெல்லாம் கருவைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. கருவைக் கெடுக்கும் அளவு அதற்குள் ஒளிந்திருந்தாலும் விதி அதைப் பார்க்காது என்பதுதான் என் குற்றச்சாட்டு. வளர்ந்த மீனை விட்டு நாலு நாள் பார்க்கும் சோதனையும் பார்க்காது. வளர்ந்த மீனின் இதயம் ஏற்கெனவே கட்டிமுடித்த இதயம்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. சீப்ரா மீன் என்று வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கிறோமே, நம் துணைக்கண்டத்து ஓடைகளின் மீன், அதன் முட்டை கண்ணாடி போல. இட்ட மறுநாளே இதயம் துடிப்பது நுண்ணோக்கியில் தெரியும், மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் பொரித்துவிடும். ரசாயனம் கலந்த நீரில் அந்த முட்டையை வைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஓ.இ.சி.டி. நாடுகள் 2013-லேயே நெறிமுறை வகுத்துவிட்டன. அதற்கும் 96 மணி நேரம்தான். இதயம் துடிக்கிறதா என்பது அதில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று. மஞ்சள் கருப் பையின் வீக்கத்தையும் முதுகுக் கோணலையும் அதே நுண்ணோக்கியில் குறித்துக்கொள்ளலாம். சென்னையில் சீப்ரா மீன் வளர்க்கும் ஆய்வகங்களுக்குக் குறைவில்லை.

சிப்காட் ஆலைக்கு இசைவாணை புதுப்பிக்கும்போது வளர்ந்த மீனோடு முட்டையையும் வைக்கச் சொல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் முடியும். ஆனால் அது குழாய் உள்ள தண்ணீருக்குத்தான். புதுவாயல் ரோட்டோர வாய்க்காலுக்கு யாரிடம் விண்ணப்பம் கேட்பது? ஷெட்டுக்கு ஷெட் பழைய ஆயிலைக் காசு கொடுத்து வாங்கிப்போகும் ஆள் வந்தால், மண்ணில் ஊற்ற யாருக்கும் மனம் வராது. ஊராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்தால் வாய்க்கால் ஏரியில் விழும் வாயில் ஓர் எண்ணெய்த் தடுப்புத் தொட்டி கட்டலாம். மேலே மிதப்பதை நிறுத்தி, கீழே தெளிந்ததை விடும் சாதாரணத் தொட்டி. பெட்ரோல் பங்குகளில் இருப்பதுதான். ஐப்பசிக்கு முன்னால் கட்டினால் விராலுக்கு உதவும். தை பிறந்த பிறகு கட்டினால் அந்த வருடத்து முட்டைக்குப் பிரயோஜனமில்லை.